சவுந்தரம் சுட்ட கால்

சூசைக் கிராணியைச் சவுந்தரம் வெந்நீரில் போட்டு அவித்துவிட்டாள் என்ற செய்தி சூலியா தெருவுக்கு வந்து சேர்ந்தபோது ஊர் பசியாறிக்கொண்டிருந்தது. தேத்தண்ணிக் கடை ஷேக் அலாவுதீன் இந்தக் குவளையிலிருந்து அந்தக் குவளைக்கு ஒரு முழ உயரத்தில் ஆற்றிக்கொண்டே அதையும் சேர்த்து ஊற்றினார்.

"கேட்டீங்களா ஐயா? தோலு அப்படியே கழண்டு வந்துடுச்சாம். கால் மேசோடு கழட்டுற மாதிரி."

"யாருக்கு பாய்?"

"சூசைக் கிராணிக்குலா. கப்பல் கம்பெனியிலே சரக்குக் கணக்கு எழுதுற பெரிய கிராணி. குளிக்கத் தண்ணி வைக்கிற பொம்பளை கொதிக்கக் கொதிக்க வுட்டுட்டா."

"வேணும்னேயா?"

"அதை நீங்கதான் பத்திரிகையிலே எழுதணும். நான் தண்ணி ஆத்துறவன்."

காலையில் அது ஒரு கால். மத்தியானம் பாசாரில் மீன் வாங்கப் போனபோது இரண்டு கால்களாகிவிட்டது. பொழுது சாய்ந்து பினாங்கு ரோட்டுப் பக்கம் நம் கோயில் வாசலுக்கு வந்தபோது இடுப்புவரை ஏறியிருந்தது. இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் அடக்கப் பூசைக்கே போயிருக்கலாம்.

இந்த ஊரில் ஒரு வதந்தியைப் பொய்யென்று காட்டியவனுக்கு யாரும் மாலை போட்டதில்லை. நல்ல பேச்சைக் கெடுத்தவன் என்ற பெயர்தான் மிஞ்சும். ஆகையால் நான் பொதுவாக எந்த வதந்தியையும் அது தானாகச் சாகும்வரை தொடுவதில்லை. இதைத் தொட்டதற்குக் காரணம் கிராணியின் கால் அல்ல. சவுந்தரத்தின் கை.

அந்தக் கையை நம்மவர்களில் தெரியாதவர் குறைவு. இன்று ஆபீசுகளில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பேனாவைக் காதில் செருகியிருக்கும் கத்தோலிக்கத் தலைகளில் பாதி, முதல் தடவை உலகத்தைப் பார்த்தது சவுந்தரத்தின் முழங்காலுக்குக் கீழே மல்லாந்து கிடந்துதான். பிள்ளை பெற்ற வீட்டில் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. தாய்க்கு இலை போட்டுக் கொதித்த தண்ணீர், குழந்தைக்கு விளாவிய தண்ணீர். குத்துப் பலகையில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிள்ளையைக் கிடத்திக்கொண்டாளானால், வாசலில் பட்டாளம் போனாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். அவள் புருஷன் தொங்கான் படகில் சரக்கு ஏற்றியவன். தொங்கானுக்கும் கப்பலுக்கும் இடையில் ஒரு நாள் தவறிப்போனான். அன்று முதல் அவளுக்கு இதுதான் சோறு.

தண்ணீரைப் பதம் பார்க்க அவளிடம் ஒரு முறை உண்டு. விளாவிய தண்ணீரில் முழங்கையை வைப்பாள். மாதாவுக்கு ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லுவாள். மந்திரம் நிதானமாக முடிந்தால் தண்ணீர் பிள்ளைக்கு ஆகும். நடுவில் வேகம் எடுத்தால் இன்னும் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர். "மாதாவை அவசரப்படுத்தினா தண்ணி சூடுன்னு அர்த்தம்" என்பாள். வைத்தியர்கள் இதை ஒப்புவார்களா தெரியாது. ஆனால் இதுவரை அவள் கையில் ஒரு பிள்ளைக்கும் கொப்புளம் வந்ததில்லை.

இப்போது வந்துவிட்டது. பிள்ளைக்கு அல்ல, பெரிய கிராணிக்கு.

அவர் வீட்டுக்கு அவள் பழைய ஆள். அவர் மகள் ஜூலியானாவைப் பிறந்த நாளிலிருந்து குளிப்பாட்டியவள். கிராணியின் மனைவி தவறிய பிறகு, அவருக்கும் சாயங்காலம் வெந்நீர் வைத்துக் கொடுப்பதை அவளே பார்த்துக்கொண்டாள். ஆம்பிளைத் தண்ணீருக்கு முறை வேறு. தொட்டியை நிரப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே வந்து நிற்க வேண்டும். உள்ளே ஐயா காலை வைத்துப் பார்ப்பார். "போதும்" என்பார், அல்லது "இன்னும் கொஞ்சம்" என்பார். ஒரு கைம்பெண் அன்னிய ஆண் குளிக்கிற தண்ணீரில் முழங்கை வைப்பதாவது! மாதாவே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதனால் அந்த வீட்டில் பிள்ளைத் தண்ணீருக்கு அவள் முழங்கை, ஐயா தண்ணீருக்கு ஐயா கால். வருஷக்கணக்காக ஒரு குறையும் இல்லை.

பிறகு பீப்பாய் வந்தது.

அதைக் கொண்டுவந்தவர் ஜூலியானாவின் புருஷன், மாமனார் வீட்டோடு இருக்கிற மருமகன் லாரன்ஸ். ஏலக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். துரைமார் ஊருக்குக் கப்பலேறும்போது விட்டுப்போகிற சாமான்களில் எது முதலில் கண்ணில் படுகிறதோ அது இவர் வீட்டுக்கு வந்துவிடும். ஏற்கெனவே ஒரு பியானோவும், வாசிக்க ஆளில்லாமல், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறது. இந்தத் தடவை வந்தது மின்சாரத்தில் வெந்நீர் போடுகிற செம்புப் பீப்பாய். நல்ல உயரம், வயிற்றைச் சுற்றித் தகரச் சட்டை. குளிக்கிற அறைக்கு வெளியே, முற்றத்துச் சுவரில் மாட்டினார்கள். குழாய் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே போகிறது. பீப்பாயின் அடியில் ஒரு வட்டத் தகடு, அதில் எண்கள், எண்களின் மேல் ஒரு முள், முள்ளைத் திருப்ப ஒரு திருகு. முள்ளை எந்த எண்ணில் வைக்கிறோமோ அந்தச் சூட்டில் தண்ணீர் நிற்குமாம்.

எந்த எண்ணில் வைப்பது? இதற்காக லாரன்ஸ் கூட்டிய மகாநாட்டைப் போல இந்த ஊரில் சமீபத்தில் நடந்ததில்லை. நம் வீடுகளில் சூட்டுக்கு எண் உண்டென்று தெரிந்ததே காய்ச்சல் வந்தால் வாயில் வைக்கிற கண்ணாடிக் குழாயால்தான். தொண்ணூற்றெட்டு, சுகம். நூறு, கஞ்சி. நூற்றி இரண்டு, ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். நூற்றி நாலு, சுவாமியார். அந்தத் தகட்டிலோ நூற்றித் தொண்ணூறு வரைக்கும் போட்டிருந்தான்.

"நூத்தி நாலுக்கே சாகப்போறவன்னு அவஸ்தைப்பூசுதல் குடுக்கிறோம். நூத்தி இருபதுலே குளிக்கச் சொன்னா என்ன அர்த்தம்?" என்று லாரன்ஸ் கேட்டபோது எதிர்க்கட்சியும் அவர் பக்கம் சாய்ந்தது. நூறில் வைத்தார்கள்.

நூறில் வந்த தண்ணீர் குழாயைத் தாண்டித் தொட்டிக்கு வருவதற்குள் மழைத்தண்ணீர் ஆகிவிட்டது. இதற்கிடையே ஜூலியானாவுக்குப் பிள்ளை பிறந்தது. பிள்ளை பெற்ற உடம்புக்கு ஆவி பறக்க ஊற்ற வேண்டாமா? முள் கொஞ்சம் ஏறிற்று. பிறகு யார் கேட்டு, யார் ஏற்றினார்கள் என்பதில்தான் வதந்தி ஆரம்பிக்கிறது. கடைசியாக முள்ளைத் தொட்ட கை சவுந்தரத்தினுடையது. அவளுக்கு எண் தெரியாது. கிராணியின் வலது கால் கணுக்கால்வரை வெந்துபோனது. இவ்வளவும் உண்மை. மற்றது ஷேக் அலாவுதீன்.

முதலில் சவுந்தரத்தைப் பார்க்க ஜெலுத்தோங்குக்குப் போனேன். அத்தாப்புக் கூரை வீட்டில் ஓர் அறை அவளுக்கு. காலை வேளையில் அவளை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைக் கிடத்துவதற்கு நீட்டுகிற அதே மாதிரி. காலில் பிள்ளை மட்டும் இல்லை.

"வாங்க ஐயா. பலகையிலே உட்காருங்க. காப்பி போடணும்னு இருக்கு, எழுந்திருக்க முடியலே."

"உடம்புக்கு என்னா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லே. வேலை இல்லாட்டித்தான் இப்படி அசத்துது. ரெண்டு வீட்டுலே வர வேணாம்னு சொல்லி வுட்டுட்டாங்க. ஒருத்தி நல்லவ, புள்ளைக்குச் சளின்னு சொன்னா. இன்னொருத்தி என் கையையே பாத்துக்கிட்டு இருந்தா, பாம்பைப் பாக்கிற மாதிரி."

"கிராணி வீட்டுலே?"

"ஜூலியானா ஒண்ணும் சொல்லலே. அவ புருஷன்தான் சொன்னாரு. புள்ளையை இனிமே பக்கத்து வீட்டு அம்மா குளிப்பாட்டுவாங்களாம்." நீட்டிய காலில் சேலையைச் சரிசெய்துகொண்டாள். "அந்தம்மா புள்ளையைக் குளிப்பாட்ட மாட்டா, தொவைப்பா."

"நடந்தது என்னா அக்கா? நீங்க சொன்னா நாலு பேருக்குத் தெரியும்."

"நான்தான் சுட்டேன். எழுதிக்கோங்க."

"நீங்களாவா முள்ளைத் திருப்பினீங்க?"

"திருப்பினது என் கைதானே? வேற யாரு கைன்னு சொல்றது?"

பதில் சொல்லக்கூட அலுப்பாக இருப்பவளிடம் கேள்வி கேட்பது எனக்கே அலுப்பாக இருந்தது. எழுந்தேன். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து கேட்டாள்.

"ஐயாவைப் பாத்தீங்களா? செருப்புப் போட்டுக்கிறாரா?"

வெந்த காலுக்குச் செருப்பு எதற்கு என்று எண்ணிக்கொண்டே ரிக்‌ஷா ஏறினேன். எதையும் அந்தந்த நேரத்தில் புரிந்துகொள்கிறவன் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருக்கமாட்டான்.

கிராணி வீட்டில் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் திருநாவுக்கரசு அப்போதுதான் கட்டு மாற்றி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். நம்மூரில் இரவும் பகலும் கூப்பிடப்படுகிற மனிதர். நின்றபடியே தூங்கத் தெரிந்தவர். வலது காலில் வெள்ளைக் கட்டு, இடது காலில் ரப்பர் செருப்பு, கையில் தடி. சூசைக் கிராணி வதந்தியில் கேட்டதைவிட உயிரோடிருந்தார். இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்டு எனக்குச் சற்று ஏமாற்றம்.

"வாங்க, வாங்க. என் சாவைப் பத்தி எழுத வந்தீங்களா?" என்றார்.

"கால்வரைக்கும்தான் எழுதலாம்னு."

மருமகன் லாரன்ஸ் சிரிக்கவில்லை. "சிரிப்புக்கு இதுலே என்னா இருக்கு? படிக்காதவ கையிலே மெஷினைக் குடுத்தது என் தப்பு. முள்ளு எங்கே நின்னுச்சு தெரியுமா? நூத்தி எம்பது! புள்ளையை அந்தத் தண்ணியிலே வெச்சிருந்தா?"

உள்ளேயிருந்து பிள்ளையின் வீறல் கேட்டது. பக்கத்து வீட்டம்மாள் துவைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"அவ புள்ளைத் தண்ணியைக் கை வைக்காமே ஊத்த மாட்டா" என்றாள் ஜூலியானா. கதவுக்குப் பின்னால், தலைக்குத் துணி சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

"அப்போ உங்கப்பா தண்ணியிலே ஏன் வைக்கலே?"

"அது எப்படி வைப்பா? என்னா பேசுறீங்க!"

சூசைக் கிராணி தடியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் தெருவில் அவர் ஆபீஸ் பையன் யாரோ சலாம் போட, தடியை ஊன்றி எழுந்து வாசல் நடைபாதைக்கு, அஞ்சடிக்கு, போனார். நாளைக்கு வந்துவிடுகிறேன், துரையிடம் சொல், சின்னக் கொப்புளம்தான் என்று உரக்கப் பேசினார். திரும்பிவந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காலை இயல்பாக நீட்டிக்கொண்டார்.

ஜூலியானா தரையைப் பார்த்தாள்.

"அப்பா, செருப்பு எங்கே?"

"கால்லேதான்."

"கால்லே இல்லையேப்பா."

குனிந்து பார்த்தார். இடது பாதம் வெறுமையாக இருந்தது. செருப்பு அஞ்சடி விளிம்பில், சாக்கடைப் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது. அங்கிருந்து நாற்காலிவரை செருப்பில்லாமல் நடந்து வந்திருக்கிறார். செருப்போடு நடப்பவரைப் போலவே, விரலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு.

திருநாவுக்கரசு முழுதாக விழித்துக்கொண்டார். "தங்கச்சி, ஒரு கொண்டை ஊசி இருந்தாக் குடு" என்றார். வாங்கிக்கொண்டு கிராணியின் எதிரில் குந்தினார். "கண்ணை மூடுங்கண்ணே. எங்கே குத்துறேன்னு சொல்லுங்க."

கிராணி கண்ணை மூடினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"குத்து, ஏன் சும்மா இருக்கே?" என்றார் கிராணி.

ஊசி ஏற்கெனவே பெருவிரலில் நின்றுகொண்டிருந்தது.

டிரெஸ்ஸர் ஊசியை எடுத்துத் துடைத்தார். "இனிப்புநீர்க்காரன் கால் இப்படித்தான் போகும், சர்க்கரை கால் நரம்பைத் தின்னுடும். எத்தனை நாளா இப்படி?"

"கொஞ்ச நாளா." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "மரத்த மாதிரி. பஞ்சு மேலே நடக்கிற மாதிரி."

"வெந்நீர் சுடலையா?"

"பச்சைத் தண்ணியாத்தான் இருந்துச்சு. தினம் பச்சைத் தண்ணி. 'இன்னும் கொஞ்சம்'னு கத்துவேன். அவ வெளியே நின்னு திருப்புவா. மறுநாளும் அதே பச்சைத் தண்ணி. அன்னிக்கும் வெச்சேன், ஒண்ணும் தெரியலே. தொட்டி விளிம்புலே உட்கார்ந்து, வலது காலை உள்ளேயே வெச்சுக்கிட்டு முதுகுக்கு சவுக்காரம் போட்டுக்கிட்டு இருந்தேன். அப்புறம் பாத்தா கால் வெளுத்துக் கிடக்குது."

முள் ஏறிய கதை இவ்வளவுதான். சுடவில்லை என்று சொன்னது ஒரு செத்த கால். அதை நம்பித் திருப்பியது ஓர் உயிருள்ள கை.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாமா!" என்றார் லாரன்ஸ்.

கிராணிக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் கொஞ்சம் தெம்பும் வந்தது. "யார்கிட்டே சொல்ல? உன்கிட்டேயா? நான் என்னா வேலை பாக்கிறேன்? கப்பல் பக்கத்துலே தொங்கிற கயித்து ஏணியிலே ஏறி இறங்குற வேலை. கால் செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா துரை என்னை நாற்காலி போட்டு உட்கார வைப்பானா? வீட்டுலே உட்கார வெச்சுடுவான். இந்தப் பியானோ பக்கத்துலே."

"சவுந்தரக்காவுக்குத் தெரியுமா?" என்று ஜூலியானா மெதுவாகக் கேட்டாள்.

"செருப்பை எங்கேயாவது வுட்டுட்டு வருவேன். எடுத்துக்கிட்டு வந்து காலடியிலே வைப்பா. ஒண்ணும் கேக்க மாட்டா. வெளியே சொல்லாதேன்னு ஒரு தடவை சொன்னேன்."

அப்போதுதான் ஜெலுத்தோங் வாசலில் சவுந்தரம் கேட்ட செருப்புக் கேள்வி எனக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் ஜூலியானா, பச்சை உடம்புக்காரி வெளியே போகக்கூடாதென்று எல்லோரும் கத்தியும் கேளாமல், தானே ரிக்‌ஷா ஏறிப் போய்ச் சவுந்தரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள். லாரன்ஸ் பாவம், "காப்பி குடிக்கிறீங்களா?" என்றார். வீட்டு மருமகன் தண்ணீர்க்காரிக்குக் காப்பி கேட்டதே பெரிய மன்னிப்பு என்று நினைத்திருப்பார். சவுந்தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரே பிள்ளையிடம் போனாள்.

"ஏன் நீ அன்னிக்கே சொல்லலே?" என்று கிராணிதான் கேட்டார்.

"நீங்கதானே சொல்ல வேணாம்னீங்க?"

"அது செருப்பு விஷயம்லா!"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுன்னு தெரியலையே. செருப்பு தெரியாத காலுக்குச் சுடுதண்ணியும் தெரியாதுன்னு எனக்குத் தோணியிருந்தா முள்ளைத் தொட்டிருப்பேனா? செருப்பு லேசுதானே, மறந்துடுவாருன்னு நெனச்சேன். அதுலே என் புத்தியும் கெட்டுப்போச்சு. சுட்டது நான்தான்."

இப்படியாக, ஆளுக்கு ஒரு துண்டு குற்றத்தை எடுத்துக்கொண்டார்கள். பீப்பாய்க்கு மட்டும் ஒன்றும் மிஞ்சவில்லை.

முள்ளை எங்கே வைப்பது என்ற பழைய வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்தது. சாயங்காலம் கட்டு மாற்ற வந்த திருநாவுக்கரசு, ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்று தீர்ப்பு சொன்னார்.

"காய்ச்சல் கணக்கை இதுக்குப் போடாதீங்க தம்பி. உள்ளே இருக்கிற சூடு வேற, வெளியே படுற சூடு வேற. நூத்தி இருபதுலே வைங்க. அதுக்கு மேலே போகவே வேணாம். நூத்தி நாப்பதுன்னா 'ஐயோ' சொல்றதுக்குள்ளே தோல் போயிடும். நூத்தி எம்பதுலே 'ஐயோ'வும் கிடையாது."

"நூத்தி இருபதுலே அப்படியே குளிக்கலாமா?"

"கூடாது. அதுவும் ரொம்ப நேரம் பட்டா சுடும். விளாவித்தான் ஊத்தணும். முதல்லே பச்சைத் தண்ணி, அப்புறம் வெந்நீர். புள்ளைத் தண்ணி இன்னும் ஆறணும், உடம்புச் சூட்டைவிட ஒரு மயிரிழை கூட, அவ்வளவுதான்."

"புள்ளை பெத்தவளுக்கு?" என்று ஜூலியானா உரிமையோடு கேட்டாள்.

"உனக்கு இலைத் தண்ணியைத் தனியா அடுப்புலே போடச் சொல்லு. உன் ஒருத்திக்காக வீடு முழுக்க வேகணுமா?"

"அப்போ இவ்வளவு பெரிய பீப்பாய் எதுக்கு? கரி அடுப்பே போதுமே" என்றார் லாரன்ஸ்.

"அதைத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன்" என்றார் டிரெஸ்ஸர்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. கிராணியின் தண்ணீரை இனிமேல் எது பார்ப்பது? கால் ஓய்வு பெற்றுவிட்டது. டிரெஸ்ஸர் மறுபடியும் கொண்டை ஊசியைக் கேட்டு வாங்கி, அவர் முழங்கையில் ஒரு குத்துக் குத்தினார்.

"அடப் பாவி!" என்று கிராணி அலறினார்.

அந்த வீட்டில் ஒரு வாரத்துக்குப் பிறகு எல்லோரும் சிரித்தது அப்போதுதான். அலறியவரும் சிரித்தார். ஆக, முழங்கையில் உயிர் இருக்கிறது. இனி உள்ளே அவர் முழங்கை. ஆனால் செத்த கால்காரர் பேச்சை மட்டும் நம்ப டிரெஸ்ஸர் தயாராயில்லை. முதலில் தொட்டியில் வேறோர் ஆள் முழங்கை வைத்துப் பார்த்துவிட்டு வெளியே வரவேண்டும், அதன் பிறகுதான் ஐயா உள்ளே போகலாம் என்றார்.

எல்லோரும் சவுந்தரத்தைப் பார்த்தார்கள்.

"ஐயா தண்ணியிலே நானா?" என்றாள். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, களைத்துப்போனவர்கள் கடைசியில் எல்லாவற்றுக்கும் சொல்வதைப் போல, "சரி போங்க. மாதா பாத்துக்கிட்டுத்தானே இருக்கா" என்றாள்.

முள்ளை நூற்றி இருபதில் லாரன்ஸ் வைத்தார். சவுந்தரத்துக்கு அந்த எண் தெரியாதல்லவா? தன் பழைய சேலையின் கரையைக் கிழித்து, முள்ளையும் திருகையும் குழாயோடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டாள். "இதை அவுக்கிறவன் என்னைக் கேட்டுட்டு அவுக்கட்டும்." இன்றுவரை முடிச்சு அப்படியே இருக்கிறது. துரைமார் வீட்டுச் செம்புப் பீப்பாய் சுண்டுவிரலில் துணி கட்டிக்கொண்ட மாதிரி நிற்கிறது.

இங்கே முடித்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் ஜெலுத்தோங்கில் சவுந்தரத்துக்கு இன்னும் காலை வேளைகள் காலியாகவே இருக்கின்றன. பிள்ளையைக் குளிப்பாட்ட ஜூலியானா வீடு ஒன்றுதான். வர வேண்டாம் என்ற இரண்டு வீடுகளும் கதவைத் திறக்கவில்லை. புதிதாகப் பிள்ளை பெற்ற இன்னொரு வீட்டிலும், "அவளா? கிராணியைச் சுட்டவளா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

நான் எழுதினால் தீருமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். கிராணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேரை மாத்தி எழுதுங்க, ஏணி விஷயம்" என்றார். மாற்றியிருக்கிறேன். சூசை அவர் பெயரல்ல. லாரன்ஸ், ஜூலியானா எல்லோரும் அப்படித்தான். இந்தக் கதையில் சொந்தப் பெயரோடு நடமாடுகிறவள் சவுந்தரம் ஒருத்திதான். துரைமார் தமிழ் படிப்பதில்லை, அதனால் கிராணிக்குப் பயமில்லை. தண்ணீர் ஊற்ற ஆள் தேடுகிற வீட்டுப் பெண்களும் இந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை; அதில் கருவாடு மடிக்கிறார்கள். அதனால் சவுந்தரத்துக்கு லாபமுமில்லை. வாயால் போன பேச்சை வாயால்தான் திருப்பிக் கூப்பிட வேண்டும். அந்த வாய் கிராணியுடையது.

அவருக்கும் அது தெரியாமலில்லை. பிள்ளை பெற்றவளுக்குத் தலைக்கு ஊற்றி முடிக்கிற நாளில் தண்ணீர் ஊற்றியவளுக்கு ஒரு புதுச்சேலை கொடுப்பது நம் வழக்கம். ஜூலியானா பச்சையில் மஞ்சள் கரை போட்ட சேலை வாங்கி வைத்தாள். கிராணிதான் தடுத்தார். "வீட்டுக்குள்ளே குடுத்தா யாருக்குத் தெரியும்? கோயில் வாசல்லே, பொம்பளைங்க முன்னாடி, நானே சொல்லிட்டு நானே குடுக்கிறேன். சுட்டது அவ இல்லே, என் கால்தான்னு." நல்ல வார்த்தை. ஏணியைவிட அவள் பெரிது என்று அந்த ஒரு நிமிஷம் அவர் நிஜமாகவே நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. நான் மரத்தடியில் நின்றேன், பார்க்கத்தான் போயிருந்தேன். படிக்குக் கீழே பெண்கள் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வர வேண்டாம் என்று சொன்ன இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். ஜூலியானா கையில் சேலைப் பொட்டலம். சவுந்தரம் சற்றுத் தள்ளி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். கிராணி தடியை ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கினார். பெண்களுக்கு எதிரில் போய் நின்று தொண்டையைச் செருமினார். எல்லோரும் திரும்பினார்கள்.

அவர் செருப்பு மேல்படியில் கிடந்தது.

அதை முதலில் பார்த்தது சவுந்தரம்தான். இன்னும் யாரும் குனிந்து பார்க்கவில்லை. சட்டென்று போய் எடுத்து, முந்தானைக்கு அடியில் மறைத்துக்கொண்டு வந்து, யாருடைய கண்ணிலும் படாமல் அவர் காலடியில் வைத்தாள். "ஐயா" என்றாள், அவ்வளவுதான். கிராணி பார்த்தார். காலை உள்ளே விட்டார். நுழைந்ததா என்று குனிந்து கண்ணாலேயே சரிபார்த்துக்கொண்டார். நிமிர்ந்தபோது வாயிலிருந்த வார்த்தை இறங்கிவிட்டிருந்தது.

"மழை வரும் போலிருக்கு" என்றார் அந்தப் பெண்களைப் பார்த்து. "புள்ளைங்களை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க."

வானம் சுத்தமாக இருந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை" என்று திரும்பும் வழியில் ஜூலியானாவிடம் சொன்னாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து போயிற்று. பச்சையில் மஞ்சள் கரைச் சேலை, மடிப்புக் கலையாமல், அந்த வீட்டு அலமாரியில் இருக்கிறது.